சிங்கப் பக்கம்

இவனும் காசை மேலிருந்து கீழாகத்தான் புரட்டப் போகிறான். வரிசையில் நான்காவது ஆளாக நிற்கும்போதே தெரிகிறது, விரல் இரண்டையும் காசின் தலையிலும் காலிலும் வைத்துப் பிடித்திருக்கிறான், முகத்தில் அதற்குள் பணக்காரக் களை வந்துவிட்டது. நம் ஊர்க் காசைப் பக்கவாட்டில்தான் திருப்ப வேண்டும், புத்தகத்தில் தாளைத் திருப்புகிற மாதிரி. அப்படித் திருப்பினால் ஒரு பக்கம் சிங்கமும் நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் எண்ணும் நிமிர்ந்து நிற்கும். தலையைப் பிடித்துக் கவிழ்த்தால் சட்டைப்பையில் கிடக்கிற அத்தனை காசும் தலைகீழாகத்தான் தெரியும், அதற்கு நாணயச்சாலையில் எவனும் தப்புச் செய்திருக்க வேண்டியதில்லை, பார்க்கிறவனுக்கு மூளை இல்லாமல் இருந்தால் போதும். காலையிலிருந்து பதினோரு பேர் இப்படி வந்துவிட்டார்கள். பதினோரு பேரிடமும் காசை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டிக் கையில் கொடுத்தேன். ஒருத்தனாவது வெட்கப்பட வேண்டுமே. "அப்ப இது எரர் இல்லீங்களா சார்" என்று என்னைத்தான் முறைக்கிறார்கள், யூடியூபில் எவனோ சொன்ன எட்டு லட்சத்தை நான் என் ஜேபியில் போட்டுக்கொண்ட மாதிரி. மின்விசிறி தலைக்கு மேல் கிறீச்சிடுகிறது, காற்று மட்டும் வரவில்லை. நேற்று இந்த மண்டபத்தில் நடந்த கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளைக்கூட மேடையிலிருந்து எடுக்கவில்லை, யாரோ ஒரு விக்னேஷும் யாரோ ஒரு கீர்த்தனாவும் சேர்ந்து எங்கள் சங்கத்தின் நாணயக் கண்காட்சியை நடத்துகிறார்கள். அந்த எழுத்துகளுக்குக் கீழே செயலாளர் வெங்கிடுபதி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பிழைக் காசுகளை இலவசமாகப் பரிசோதிக்க நமது நாச்சிமுத்து சார் ஏழாம் மேஜையில் இருக்கிறார்" என்று அரை மணிக்கு ஒரு தரம் என்னை ஏலம் விடுகிறார். காசடிக்கிற அச்சான டையில் விழுந்த விரிசலுக்கும் காசில் ஒட்டிய தலைமயிருக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், பன்னிரண்டு வருஷமாகச் செயலாளர்.

பிழை என்றால் என்னவென்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும். மெஷினுக்குள் நடந்தால் அது பிழை, மெஷினை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தால் அது வெறும் காயம், இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரியை நான் முப்பது வருஷமாகச் சொல்கிறேன். இப்போது என் முன்னால் நிற்கிற மீசைக்காரர் பத்து ரூபாய்க் காசின் நடுவட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, தலைகீழாக வைத்து மறுபடி தட்டிச் சொருகிக்கொண்டு வந்திருக்கிறார். அடி விழுந்த பள்ளம் பட்டப்பகலாய்த் தெரிகிறது. "டவுன் பஸ்ல கெடச்சதுங்க" என்கிறார், கண் இமைக்காமல். நான் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "சுத்தியல் எந்தக் கடையில கெடச்சது" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போய்விட்டார், அடுத்த வாரம் வேறொரு ஊர்க் கண்காட்சியில் வேறொரு மேஜைக்குப் போவார், அங்கே உட்கார்ந்திருக்கிற அரைகுறை இதை அசல் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுத் தருவான். என்னிடம் அது நடக்காது. வங்கியில் தலைமைக் காசாளனாக இருபத்தாறு வருஷம், சில்லறை மூட்டையின் வாயை என் முன்னால்தான் பிரிப்பார்கள். மூட்டைக்கு இரண்டாயிரம் காசு, எல்லாம் ஒரே அச்சு, ஒரே முகம். அதில் ஒன்று மட்டும் பிறை மாதிரி ஓரம் வெட்டுப்பட்டு வரும், ஒன்று அச்சே ஏறாமல் மழுங்கி வரும். அதைக் கண் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அதற்குரிய நல்ல காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வேன். என் மனைவி ருக்குமணிக்கு இது பெரிய குறை. இட்லியில் ஒரு பக்கம் சரியாக வேகவில்லை என்றாலும் உங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது, கூடப் பிறந்தவர்களிடமும் அதைத்தான் பார்க்கிறீர்கள் என்பாள். பார்க்கிறேன்தான். வேறு யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்றால் நான் என்ன செய்ய, கண்ணைக் கட்டிக்கொண்டா சாப்பிட முடியும். மண்டபத்தின் பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது, பருப்பு அடிப்பிடித்திருக்கிறது.

அடுத்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, கைப்பையின் வாயில் பைபிளின் கறுப்பு முதுகு தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வந்திருக்கிறாள். ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவை மேஜையில் வைத்து மூடியைத் திறந்து, பஞ்சை விலக்கி, ஒரு காசை எடுத்து என் வெள்ளைத் துணியில் வைத்தாள். எனக்கு ஆட்களின் முகம் மறக்கும், காசின் முகம் மறக்காது. கதிர் போட்ட பழைய ஒரு ரூபாய். எண்ணும் கதிரும் இருக்க வேண்டிய பக்கத்தில் சிங்கம் உள்வாங்கிப் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பதிந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்கு அடியில், உற்றுப் பார்த்தால், நசுங்கின கதிரின் மணிகள் ஆறோ ஏழோ. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே பக்கம் மேலே தெரிகிற மாதிரிதான் இது என் உள்ளங்கையில் இருந்தது. "யாருதுங்க இது" என்றேன், தெரிந்துகொண்டேதான் கேட்டேன். "அப்பாவுதுங்க சார். கணபதி ஏரியால லேத் பட்டறை வெச்சிருந்தாரு, ஜெயசீலன். நான் பெனிட்டாங்க" என்றாள். ஜெயசீலன். ஒல்லியான ஆள், பேசவே மாட்டான், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கடைசி நாற்காலி. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு, கிட்டே வந்தால் மண்ணெண்ணெயில் கை கழுவின வாடை. அன்றைக்குக் கூட்டம் முடிகிற நேரம், டீயும் வடையும் வந்துவிட்டது. பேக்கரியில் மீதிச் சில்லறையில் வந்தது சார் என்று இதை நீட்டினான். பிராக்கேஜ் என்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய கனவு. அடித்த காசு ஒன்று வெளியே போகாமல் டையிலேயே ஒட்டிக்கொள்ளும், அடுத்த தகடு வந்து அதன் மேல் மோதும், அதன் முகம் இதில் பள்ளமாகப் பதியும், லட்சத்தில் ஒன்று. இதையே திருட்டுத்தனமாகச் செய்வது ரொம்பச் சுலபம், இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் கொடுத்து இறுக்கினால் போதும், ஒன்றின் முகம் இன்னொன்றில் பதிந்துவிடும், ஆனால் அடியில் பழைய அச்சு செத்தும் சாகாமல் தெரியும். தெரிந்தது. கதிர் தெரிந்தது. பத்து நொடிகூட ஆகியிருக்காது. மைக் என் கையில் இருந்தது. "லேத் பட்டறை வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு வைஸ்ல அழுத்தினதையெல்லாம் இங்கே கொண்டு வராதீங்க, இது பிழைக் காசு இல்ல, பிழைக்கிற வழி" என்றேன். எழுபது பேர் சிரித்தார்கள், வெங்கிடுபதி மேஜையைத் தட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் அவன் பெயரே வைஸ் ஜெயசீலன் ஆகிவிட்டது. இரண்டு கூட்டத்துக்கு வந்தான், பிறகு வரவில்லை. வராதவர்களைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

இப்போது மகளை அனுப்பியிருக்கிறான், இரண்டாவது முறை முயன்று பார்க்கலாம் என்று. அப்படித்தான் நினைத்தேன். வாயில் ஒரு நல்ல வார்த்தைகூடத் தயாராக இருந்தது. அதற்குள் அவள் குனிந்து, பின்னால் நிற்பவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அப்பாவுக்கு ரெண்டு வருசமா மறதிங்க சார். சாப்பிட்டது மறந்துரும், எம் பேரு சமயத்துல மறந்துரும். இந்தக் காசு மட்டும் மறக்கறதில்ல. நான்தான் வைஸ்ல வெச்சு அழுத்தினேன், அந்த சார் கரெக்டா கண்டுபிடிச்சுட்டாரு, அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிட்டே இருக்காருங்க. முன்னால ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. பேக்கரில கெடச்சதுன்னுதான் சொல்லுவாரு. அம்மா கூடத்தான் இருந்தாங்களாம், பஃப்ஸ் வாங்கிக் குடுத்த மிச்சம்னு சத்தியம் பண்ணுவாங்க. இப்ப அம்மாவுக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. அப்பா சர்ச்சுல திருவிருந்து அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கறதில்ல சார், பதினொரு மாசமாச்சு. எல்லாரும் முன்னால போய் முழங்கால் போடறப்போ இவரு பெஞ்சுலயே உக்காந்துக்கறாரு. நான் கள்ளக் காசு செஞ்சவன், எனக்குத் தகுதி இல்லைங்கறாரு. நீங்க பாத்து, அவரு செஞ்சாரா செய்யலையான்னு மட்டும் சொல்லுங்க. எதுன்னாலும் சரிங்க. வெளிய ஆட்டோல உக்கார வெச்சிருக்கேன்." எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த சுகம். ஒப்புக்கொண்டுவிட்டான். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தனும் ஒப்புக்கொண்டதில்லை, சுத்தியல்காரர்கூட டவுன் பஸ் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பதினாறு வருஷம் கழித்து, மூளை கழன்ற பிறகாவது ஒருத்தனுக்கு உண்மை வாயில் வந்திருக்கிறதே. செய்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தபோது கை தன்பாட்டுக்குக் காசைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. காலையிலிருந்து திருப்பித் திருப்பிப் பழகின கை. லென்ஸ் ஏற்கெனவே கண்ணுக்குழிக்குள் இருந்தது.

சிங்கங்கள் நிற்கின்றன. பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நேற்று அடித்த காசில்கூட இவ்வளவு கூர்மை வராது. வைஸில் இறுக்கியிருந்தால் இந்தப் பக்கம் இரும்புத் தாடையில் அல்லவா இருந்திருக்கும், மூக்கும் முழியும் நசுங்கிச் சப்பட்டையாகியிருக்கும். இல்லை, தோல் வைத்து அழுத்தியிருப்பான், கெட்டித் தோல், லேத்காரனுக்குத் தெரியாதா. தோல் வைத்தாலும் மழுங்கும், நானே எத்தனை பார்த்திருக்கிறேன். தோலே வைக்கட்டும். எழுத்துகள்? இந்தியா என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஒன்றின் தோளில் ஒன்றாக, நூலிழை விலகி, இரண்டும் கூர்மையாக. தோல் எழுத்தை இரண்டாக்காது. எந்த வைஸும் ஆக்காது. டை இரண்டு முறை வந்து இறங்கினால்தான் ஆகும். முதல் அடியில் இது ஒழுங்கான காசாகப் பிறந்திருக்கிறது, ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் கதிர். வெளியே விழவில்லை. இன்னொரு காசு இதன் மேல் வந்து படுத்திருக்கிறது. டை மறுபடி இறங்கியிருக்கிறது. அதனால்தான் மேலே பள்ளச் சிங்கம், அதனால்தான் அடியில் கதிர், அதனால்தான் இந்தப் பக்கம் எழுத்து இரண்டு. கதிர் தெரிகிறது என்பது போலிக்கு அடையாளம் இல்லை இங்கே, இரண்டு முறை அடிபட்டதற்கு அடையாளம். இரண்டடியும் மெஷினுக்குள். முப்பது வருஷத்தில் நான் இப்படி ஒன்று பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன், இதையேதான் பார்த்திருக்கிறேன், பாதி பார்த்திருக்கிறேன். திருப்பவில்லை. ஏன் திருப்பவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது. நகக்கண் கறுப்பாக இருந்தது. காசைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் கையைப் பார்த்துவிட்டேன், வைஸ் பிடிக்கிற கை என்று முடிவு கட்டிவிட்டேன், பிறகு காசுக்கு என்ன வேலை. அவன் ஏதோ சொன்னானே. மைக்கை நான் வெங்கிடுபதியிடம் நீட்டும்போது, சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில், சார் அந்தப் பக்கமும் என்று ஆரம்பித்தானா. ஆரம்பித்தான். அல்லது இப்போது நானே அவன் வாயில் போட்டுப் பார்க்கிறேனா. அவன் செய்யாததைச் செய்ததாக ஞாபகம் வைத்திருக்கிறான், நான் அவன் சொல்லாததைச் சொன்னதாக ஞாபகம் வைத்துக்கொள்கிறேனா. இல்லை, சொன்னான், அவன் கை நீண்டது, இரண்டு விரலால் திருப்புகிற மாதிரி செய்து காட்டினான், பக்கவாட்டில், சரியாகப் பக்கவாட்டில். காசைத் திருப்பத் தெரிந்தவன். இந்த மண்டபத்தில் நிற்கிற முந்நூறு பேரில் ஒருத்தனுக்கும் தெரியாதது அந்த லேத்காரனுக்குத் தெரிந்திருந்தது, அவனைத்தான் நான் கூட்டத்துக்கு முன்னால் உரித்துத் தொங்கவிட்டேன். வியர்வை லென்ஸின் வளையத்தில் இறங்குகிறது. இவளுக்கு ஒன்றும் தெரியாது. இவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். செய்தார் அம்மா என்று சொன்னால் முடிந்தது, அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்கில் எந்த நீதிபதி மறுபடி சாட்சியைக் கூப்பிடுகிறான். எதுவானாலும் சரி என்று இவளே சொல்லிவிட்டாள். செய்தார், ஆனால் வயதான மனுஷர், ஆண்டவர் மன்னிப்பார் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் நான் பெரிய மனுஷனாகவும் ஆகிவிடுவேன். எவ்வளவு வேகமாக வருகிறது இந்த வார்த்தை. இருபத்தாறு வருஷம் சில்லறை எண்ணின புத்திக்கு இதுதான் தோன்றுகிறது, தூ. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பதினொரு மாதம், எல்லோரும் எழுந்து போகும்போது. நான் அப்படி ஒரு இடத்திலும் உட்கார்ந்ததில்லை, எனக்கு எங்கே போனாலும் முன்வரிசைதான். கண் வலிக்கிறது, லென்ஸை எடுக்க வேண்டும், எடுத்தால் பேச வேண்டும்.

"சார், இதுல கதிர் தெரியுது சார்." அவன்தான், நான்காவதாக நின்று இப்போது அவளுக்குப் பின்னால் வந்துவிட்டவன், மேலிருந்து கீழாகப் புரட்டுகிறவன். நான் மறுபடி துணியில் வைத்த காசை எட்டிப் பார்த்துவிட்டான். "உள்ளே பழைய டிசைன் தெரிஞ்சா வைஸ் ஜாப்தானுங்களே சார். உங்க வீடியோல நீங்களே சொல்லியிருக்கீங்க. பட்டறைக்காரங்க பண்ற வேலை" என்று அந்தப் பெண்ணிடமும் விளக்கினான், நல்ல உதவி செய்கிற முகத்தோடு. காசைத் தொடக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து, மேலே தெரிந்த ஒரு பக்கத்தைப் பார்த்து, மூன்று நொடியில். அவனை அறையலாம் என்று இருந்தது. எவ்வளவு நிச்சயம், எவ்வளவு திமிர், எதுவும் தெரியாதவனுக்கு என்ன ஒரு நிம்மதி. அது என் வாக்கியம். சங்கம் எடுத்த வீடியோ அது, ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள் என்று வெங்கிடுபதி பெருமையடித்துக்கொள்வது. அந்த விதியை நான் எந்தக் காசைப் பார்த்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும். எத்தனை மேஜையில், எத்தனை ஊரில், எத்தனை பேர் இந்த மூன்று நொடியைச் செய்திருப்பார்கள். "தம்பி, திருப்பிப் பாத்தியா" என்றேன். "எதுக்குங்க சார்" என்றான். எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அது பதினாறு வருஷத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்திருந்த முகம். பரிதாபத்தால் நான் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பையனுக்கு எதிரில் நானும் அவனைப் போலவே உட்கார்ந்திருக்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். லென்ஸை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "அசல்மா. உங்கப்பா எதுவும் செய்யல. மெஷின் செஞ்சது. தப்பாப் பாத்தது நான்." அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவர்கிட்ட நீங்களே வந்து சொல்றீங்களா சார், நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்றாள். எழுந்தேன். வரிசையில் முணுமுணுப்பு. "எங்க சார் கிளம்பிட்டீங்க, சாப்பாடு இன்னும் ஆகலைங்களே" என்று மேடையிலிருந்து மைக்கிலேயே கேட்டார் வெங்கிடுபதி.

வாசலில் வெயிலில் கண் கூசிற்று. நடந்த இருபதடியில் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன், அதனால் மூன்றையும் விட்டுவிட்டேன். ஆட்டோவின் பின்சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். இல்லை, அவர். முடி முழுக்க வெளுத்து, வெள்ளை முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. நகக்கண்கள் சுத்தமாக இருந்தன. பட்டறையை விட்டு எவ்வளவு நாளாயிற்றோ, ஒரு துளிக் கறுப்பு இல்லை. மகளை யாரோ போலப் பார்த்தவர் என்னைப் பார்த்ததும், "நாச்சிமுத்து சாருங்களா" என்றார், தடுமாறாமல். இறங்கி நிற்கப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஐயா, நான்தானுங்க செஞ்சேன். ரெண்டு காச ஒண்ணா வெச்சு வைஸ்ல குடுத்துத் திருகினேன். கைப்பிடி சூடா இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்குதுங்க. புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுருங்க" என்றார். கைப்பிடி சூடாக இருந்ததாம். நான் மைக்கில் சொன்ன ஒரு வரியை அந்த மூளை பதினாறு வருஷம் வைத்து வைத்து, அதற்கு ஒரு பட்டறை கட்டி, ஒரு வெயிலையும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. நான் குனிந்து, காசை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரலைப் பிடித்துச் சிங்கப் பக்கத்தில் தடவ விட்டேன். "ஜெயசீலன், கேளுங்க. இது அசல். நீங்க செய்யல. பேக்கரில கெடச்சது. அன்னிக்கு நான் ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டுச் சொல்லிட்டேன். திருப்பிப் பாக்கல. தப்பு என்னுது. நீங்கதான் என்னை மன்னிக்கணும்" என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை, ருக்குமணியிடம்கூட. அவர் முழுவதையும் கவனமாகக் கேட்டார், ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். கேட்டு முடித்துவிட்டு மகள் பக்கம் திரும்பி, நிறைந்த முகத்தோடு சொன்னார்: "பாத்தியா பாப்பா, எப்பேர்ப்பட்ட மனுசன்னு. நான் மனசு ஒடைஞ்சு போயிருவேன்னு தப்ப அவரு பேர்ல போட்டுக்கறாரு." பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க சார். எனக்காக நீங்க பொய் சொல்லக் கூடாது. நீங்க பாத்தா தப்பாகுங்களா." மறுபடி சொன்னேன். மறுபடி அதே சிரிப்பு. மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னேன், ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான், இவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார், அழுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. காசை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, "இத நீங்களே வெச்சுக்கங்க, நாலு பேருக்குக் காட்டுங்க, இப்படிச் செய்யக் கூடாதுன்னு சொல்லிக் குடுங்க" என்றார். பெனிட்டா என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், அவள் கோபப்படவில்லை, அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. காசை என்னிடமிருந்து வாங்கி டப்பாவில் போட்டு மூடினாள். "இப்ப நீங்க சொன்னதெல்லாம் சாயங்காலத்துக்குள்ள மறந்துருவாருங்க சார். அன்னிக்குச் சொன்னதுதான் மறக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ திரும்பும்போது அவர் உள்ளேயிருந்து என்னைக் கும்பிட்டுக்கொண்டே போனார்.